தண்ணீர் மணி, தாழ்ப்பாள், இன்ன பிற

காலை எட்டுக்கு முன்பே சாம்பார் வாசனை. பள்ளிக்கூட வேப்பமரம் வரை வருகிறது.

சமைக்கிற பெண் மகளிர் குழுவைச் சேர்ந்தவள். மகன் இங்கேயே மூன்றாம் வகுப்பு. காலை உணவுத் திட்டத்துக்கு ஆள் எடுப்பதே அப்படித்தான். சமைப்பவரின் பிள்ளை அந்தப் பள்ளியில் படிக்க வேண்டும்.

பருப்பு கரையும்வரை அவள் கரண்டியைக் கீழே வைப்பதில்லை.

அரசாணைக் கணக்கு: ஒரு பிள்ளைக்குச் சமைத்த உணவு 150 முதல் 200 கிராம். காய் போட்ட சாம்பார் 100 மில்லி.

அவள் கணக்கு: "இவனுக்கு ராத்திரியும் ஒண்ணும் கிடைச்சிருக்காது மதினி." இன்னொரு கரண்டி பொங்கல்.

எப்படித் தெரியும்?

"தட்டை நீட்டுற விதத்துலயே தெரியும்."

தீப்பெட்டி ஆபீஸ் வேன் ஏழு மணிக்கெல்லாம் வந்துவிடுகிறது. சாத்தூர் பக்கம் இந்த ஊரில் பல வீடுகளில் அம்மா வேனேறிய பிறகுதான் பிள்ளைகள் எழுந்திருக்கிறார்கள். ஒரு வரக்காப்பி. இருந்தால் ஒரு பன். அப்படியே பள்ளிக்கூடம்.

திட்டம் ஒன்று முதல் ஐந்து வரை. இது எட்டு வரை உள்ள நடுநிலைப் பள்ளி.

ஆறாம் வகுப்பு அக்கா, இரண்டாம் வகுப்புத் தம்பியைக் கூட்டி வருகிறாள். தம்பி வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறான். அக்கா அவன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு தள்ளி நிற்கிறாள். போன ஏப்ரல் வரை அவளும் அந்த வரிசையில் உட்கார்ந்தவள்.

இடைவேளைக்குள் அவளுக்குத் தலைவலி வந்துவிடுகிறது. வகுப்பு டீச்சர் கவனித்துச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை வருவதில்லையாம். அன்றைக்கு அம்மா வீட்டில் இருக்கிறாள்.

காலை உணவுத் திட்டத்தின் தேதிகள். 2022 செப்டம்பர் 15, மதுரை: முதலில் 1,545 பள்ளிகள். 2023 ஆகஸ்ட் 25, திருக்குவளை: எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளும். 2024 ஜூலை: கிராமப்புற அரசு உதவி பெறும் பள்ளிகள். 2025 ஆகஸ்ட்: நகரத்து உதவி பெறும் பள்ளிகள்.

அதற்கும் முன்னால் மதியச் சோறு. 1920, சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளி, தியாகராயர் காலம். சில வருஷத்தில் நின்றது. 1956, எட்டயபுரம், காமராஜர். 1982 ஜூலை 1, பாப்பாக்குறிச்சி, எம்.ஜி.ஆர். 1989, முட்டை, கருணாநிதி. முதலில் இரண்டு வாரத்துக்கு ஒன்று. 2010இல் வாரம் ஐந்து.

எட்டயபுரம் இங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான்.

சத்துணவு முட்டை ஓட்டில் முத்திரை இருக்கிறது, வெளியே விற்கக் கூடாது என்பதற்காக. நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி முத்திரை உள்ள துண்டை மட்டும் உடையாமல் உரித்து ஜாமெட்ரி பாக்ஸில் சேர்க்கிறாள்.

அவள் முட்டை உரிப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அவ்வளவு பொறுமை. கணக்கு நோட்டில் அவசரம் என்று டீச்சர் திட்டுவது இதே பிள்ளையைத்தான்.

தண்ணீர் மணி.

2019இல் கேரளத்தில் வந்தது. 2025 ஜூனில் இங்கே. ஒரு நாளில் மூன்று முறை மணி அடிக்கும். இரண்டு மூன்று நிமிஷம். வகுப்பிலேயே பாட்டிலைத் திறந்து குடிக்க வேண்டும்.

நல்ல காரியம். கரிசல் காட்டு வெயிலில் மிகவும் நல்ல காரியம்.

ஏழாம் வகுப்பு. மணி அடித்தது. பையன்கள் அண்ணாந்து மடக்கு மடக்கென்று குடித்தார்கள். பெண்கள் பாட்டிலை வாயில் வைத்தார்கள், எடுத்தார்கள். தண்ணீரின் மட்டம் இறங்கவில்லை.

கடைசியில் உட்கார்ந்திருந்தவளிடம் கேட்டேன். சுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "குடிச்சா பாத்ரூம் வரும்ல்ல அத்தை."

வந்தால்?

"தாப்பா இல்ல."

போய்ப் பார்த்தேன். கதவு இருக்கிறது. தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நான்கு ஆணி ஓட்டைகள். உள்ளே போகிறவள் ஒரு கையால் கதவை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் தோழியைக் காவலுக்கு நிறுத்த வேண்டும். தோழி வகுப்பிலிருந்து வர அனுமதி கேட்க வேண்டும். இரண்டு பேரைச் சேர்த்து அனுப்ப மாட்டார்கள்.

காலை எட்டேமுக்காலிலிருந்து மாலை நாலேகால் வரை அடக்கிக்கொண்டு இருப்பது. அதனால் தண்ணீர் குடிக்காமல் இருப்பது. அதனால் நீர்க்கடுப்பு, மலச்சிக்கல், தலைவலி. ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸம்மா சொன்னார்: இந்த வயசுப் பெண்களுக்கு வரும் சிறுநீர்த் தொற்றுக்கு மாத்திரை கொடுப்பேன், சரியாகும், மறுபடி வருவாள்.

கல்வி உரிமைச் சட்டம், 2009. அதன் அட்டவணையில் ஆண், பெண்ணுக்குத் தனித்தனிக் கழிப்பறை என்று இருக்கிறது. தாழ்ப்பாள் என்று எழுதத் தோன்றியிருக்காது. எல்லாக் கதவுக்கும் இருக்கும் என்றுதானே நினைப்போம்.

ஹார்டுவேர் கடையில் ஒரு தாழ்ப்பாள் நூறு ரூபாய்க்குள்.

யார் வாங்குவது என்று எழுதி, கையெழுத்தாகி, தொகை வந்து. அதுவரை பெண்கள் பாட்டிலை வாயில் வைத்து எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

கழிப்பறைக்குள் ஒரு ஆணியும் வேண்டும். சுடிதார் துப்பட்டாவை எங்கே மாட்டுவாள்? மூடி போட்ட ஒரு குப்பை வாளியும். இதெல்லாம் பெண்கள் சொல்லித்தான் தெரிய வேண்டியிருக்கிறது.

எட்டாம் வகுப்பு வருகைப் பதிவேடு. ஒருத்தி பெயருக்கு நேரே ஒவ்வொரு மாதமும் இரண்டு மூன்று நாள் சேர்ந்தாற்போல் விடுப்பு. ஜூன், ஜூலை, ஆகஸ்ட். வரிசை மாறவில்லை.

வகுப்பு ஆசிரியர் ஆண். "காய்ச்சல்னு சொல்லுவாங்க" என்றார். நல்ல மனுஷர். அதற்கு மேல் கேட்கக் கூச்சம்.

புது யுகம் திட்டத்தில் நாப்கின் வருகிறது. ஒரு பாக்கெட்டில் ஆறு. பீரோவுக்குள் இருக்கிறது. பீரோ ஹெச்.எம். அறையில். ஹெச்.எம். அறையில் எப்போதும் யாராவது ஆண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பீரோவை ஆயாம்மா அறைப் பக்கம் நகர்த்தலாம் என்று ஆங்கில டீச்சர் சொன்னார். நகர்த்தினார்கள். நான்கு பேர் தூக்கினார்கள். பத்து நிமிஷ வேலை.

வாரம் ஒரு மாத்திரை. ஆறாம் வகுப்பு முதல் மேலே நீலம், சின்ன வகுப்புகளுக்கு ரோஸ். இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம்.

ஜன்னலுக்கு வெளியே, சுவரோரம், செடிக்கடியில், மழையில் கரைந்த நீலம்.

ஏன் துப்புகிறார்கள்? வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். மலம் கறுப்பாகப் போகும், பயந்துவிடுவார்கள். யாரோ "இது பிள்ளை பிறக்காமப் பண்றதுக்கு" என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். மூன்று காரணமும் மூன்று பெண்கள் சொன்னது. ஒருத்தியும் திமிருக்குத் துப்பவில்லை.

அறிவியல் டீச்சர் இப்போது மதியச் சாப்பாடு முடிந்த கையோடு கொடுக்கிறார். முதல் மாத்திரையை எல்லோரும் பார்க்கத் தானே போட்டுக்கொள்கிறார். கறுப்பாகப் போகும், பயப்படாதீங்க என்று முன்கூட்டியே சொல்கிறார்.

செடிக்கடியில் நீலம் குறைந்திருக்கிறது.

மாத்திரை போட்டதும் டீ குடிக்கக் கூடாது. டீயில் உள்ளது இரும்பைப் பிடித்துக்கொள்ளும், உடம்புக்கு விடாது. இதை அம்மாக்களிடம்தான் சொல்ல வேண்டும். பள்ளி விட்டு வந்ததும் எல்லா வீட்டிலும் டீதான்.

2019–21 குடும்பநலக் கணக்கெடுப்பு: இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை.

சோம்பேறி என்று எத்தனை பேரைச் சொல்லியிருக்கிறோம்.

குடற்புழு மாத்திரை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும். அல்பெண்டசோல் 400 மில்லிகிராம். மென்று சாப்பிட வேண்டும். பையன்கள் முழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டுகிறார்கள், பெருமையாக. காய்ச்சல்காரர்களுக்கு அன்றைக்குக் கிடையாது. விடுபட்டவர்களுக்கு ஒரு வாரம் கழித்து இன்னொரு நாள்.

கொக்கிப்புழு உள்ளங்கால் வழியாக ஏறும். விளையாடப் போகும்போது செருப்பைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டுப் போகிறார்கள். அறுந்துவிடும் என்று பயம். இன்னொரு செருப்பு அடுத்த தீபாவளிக்குத்தான்.

குழாயடியில் சோப்பு. வைத்த அன்றே காணாமல் போகும். இப்போது ஆயாம்மா வெங்காயம் வரும் சிவப்பு வலைப் பையில் போட்டுக் குழாயில் கட்டிவிட்டிருக்கிறார். நுரை வலை வழியாக வருகிறது. சோப்பு கரைந்து தீரும்வரை அங்கேயே இருக்கிறது.

நகம் வெட்டிவிட ஐந்தாம் வகுப்பில் இரண்டு "சுகாதார அமைச்சர்கள்". வெள்ளிக்கிழமை தோறும். பொறுப்பை மிகவும் தீவிரமாக எடுத்துக்கொள்கிறார்கள். ஹெச்.எம். நகத்தையும் பார்த்தார்கள்.

பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுகிறான் என்று ஒருவனைத் தனியாக உட்கார வைத்தார்கள். தனியாக உட்கார்ந்தபின் அவன் எழுதவே இல்லை.

ஆறு மீட்டர் தள்ளி நிற்க வைத்து, சுவரில் ஒட்டிய எழுத்தட்டையைக் காட்டினார் டீச்சர். முதல் வரிக்குக் கீழே அவனுக்கு ஒன்றும் இல்லை.

கரும்பலகை தெரியாமல் இரண்டரை வருஷம். மற்ற எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்திருக்கிறான்.

கண்ணாடி வந்தது, இலவசமாக. போட்ட அன்று வெளியே போய் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றானாம். இலை இலையாகத் தெரிகிறது என்று வாட்ச்மேனிடம் சொல்லியிருக்கிறான்.

இரண்டு வாரத்தில் கழற்றிவிட்டான். "சோடாபுட்டி."

பி.டி. சார் மறுநாள் தன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மைதானத்துக்கு வந்தார். அதுவரை சட்டைப் பையிலேயே வைத்திருந்தவர். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. பையன் இப்போது போடுகிறான்.

சீனா, குவாங்சோ. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினம் 40 நிமிஷம் கூடுதலாக வெளியே ஒரு வகுப்பு. மூன்று வருஷம் கழித்துக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 சதவீதம். அந்த வகுப்பு இல்லாத பள்ளிகளில் 39.5. 2015இல் வெளிவந்த ஆய்வு. தைவான் 2010இலிருந்து தினம் இரண்டு மணி நேரம் வெளியே என்கிறது.

வேறு ஒன்றும் செய்யவில்லை. வெளிச்சத்தில் விட்டார்கள்.

பி.டி. பீரியட் இந்த வாரம் இரண்டு. இரண்டையும் கணக்கு வாங்கிக்கொண்டது. பரீட்சை வருகிறதாம்.

கணக்கு சாரைக் குறை சொல்லவும் முடியவில்லை. பாடம் முடியவில்லை என்றால் கேள்வி அவரைத்தான் கேட்பார்கள். பிள்ளைகள் ஓடவில்லை என்று யாரும் யாரையும் கேட்பதில்லை.

"ப" வடிவில் உட்கார வைப்பது. ஒரு மலையாளப் படம் வந்த பிறகு கேரளத்தில் சில பள்ளிகள் செய்தன. 2025 ஜூலையில் இங்கே சுற்றறிக்கை. கடைசி பெஞ்ச் என்று ஒன்று இருக்காது.

நாலாம் வகுப்பில் செய்து பார்த்தார்கள். எல்லார் முகமும் எல்லாருக்கும் தெரிகிறது. பேசாத பிள்ளை ஒன்று பேசியது.

இடது பக்கம் உட்கார்ந்தவர்கள் நாள் முழுக்க ஒரே பக்கம் கழுத்தைத் திருப்ப வேண்டும். மூன்றாம் நாள் ஒருத்திக்குக் கழுத்து வலி. டீச்சர் இப்போது திங்கள்கிழமை தோறும் ஆட்களை ஒரு சுற்று நகர்த்துகிறார். தான் நடுவில் நடந்துகொண்டே பாடம் நடத்துகிறார். "என் காலுக்கும் நல்லதுதான்" என்றார்.

மூன்றாம் வகுப்புப் பையன். எண்ணும் எழுத்தும் வகுப்பில் மூன்று படி: அரும்பு, மொட்டு, மலர். இவன் அரும்பு.

அப்பாவுக்கு பஸ் ஸ்டாப் பக்கம் டீக்கடை. சனிக்கிழமை அங்கே இவன்தான் கல்லா.

ரெண்டு டீ, ஒரு வடை. ஐம்பது ரூபாய் நீட்டினேன். டீ பன்னிரண்டு, வடை பத்து. கண்ணை மூடித் திறப்பதற்குள் பதினாறு ரூபாய் கையில்.

எப்படிப் போட்டாய்? "முப்பத்தி நாலு. ஆறு குடுத்தா நாப்பது. அப்புறம் ஒரு பத்து."

திங்கள்கிழமை கரும்பலகையில் 50 – 34. மேலே சைபரில் நாலு போகாது, கடன் வாங்கு என்கிறார்கள். அவனுக்கு 24 வந்தது.

1985இல் பிரேசிலின் ரெசிஃபி நகரில் தெருவில் வியாபாரம் செய்த பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறார்கள். கடையில் நூற்றுக்கு 98 சரி. அதே கணக்கைத் தாளில் எண்ணாக மட்டும் கொடுத்தால் 37. கொல்கத்தாவிலும் டெல்லியிலும் சந்தைப் பிள்ளைகளிடம் பொருளியலாளர்கள் பானர்ஜி, டுஃப்லோ குழு பார்த்தது. அந்த ஆய்வு 2025 பிப்ரவரியில் வந்தது. அங்கேயும் கடைக் கணக்கு வகுப்புக்கு வரவில்லை. பள்ளியில் கணக்கு நன்றாகப் போடும் பிள்ளைகளுக்கோ கடைக் கணக்கு தடுமாறியது.

டீச்சரிடம் சொன்னேன். மறுநாள் மேஜையில் தீப்பெட்டிகளும் விளையாட்டு நோட்டுகளும். கல்லாவில் அவன். "ஆறு குடுத்தா நாப்பது" என்பதைக் கரும்பலகையில் கோடு போட்டு எழுதினார்கள்.

இன்னும் அரும்புதான். ஆனால் கையைத் தூக்குகிறான்.

பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. சாயங்காலம் வாசலில் பேத்தியைப் புத்தகத்தை மூடி வைக்கச் சொல்கிறாள். "இன்னைக்கு என்ன சொன்னாங்க, சொல்லு."

ஏழாம் வகுப்புப் பேத்தி இலை எப்படிச் சமைக்கிறது என்று சொல்கிறாள். வெயில், காற்று, தண்ணீர்.

"அப்புறம்?"

சொல்கிறாள்.

"அப்ப வேரு எதுக்கு இருக்கு?"

பேத்தி நிற்கிறாள். புத்தகத்தைத் திறக்கிறாள். தேடிப் படித்துவிட்டு மூடிவைத்துச் சொல்கிறாள்.

2006, உளவியலாளர்கள் ரோடிகர், கார்பிக்கி. மாணவர்களில் ஒரு குழு ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு ஒருமுறை படித்துவிட்டுப் பார்க்காமல் திரும்பத் திரும்ப நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டால் திரும்பப் படித்தவர்கள் முன்னால். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் 40 சதவீதத்துக்கு 61 என்று மற்றவர்கள் முன்னால்.

பக்கத்து வீட்டில் அதே வகுப்புப் பையன். அதே பாடத்தைச் சத்தமாக, ஒரே ராகத்தில், ஒன்பது மணி வரை. அவன் அம்மாவுக்கு நிம்மதி. சத்தம் கேட்கிறதே.

எங்கள் பெரியவன் பத்தாம் வகுப்பு. வேறு பள்ளி. ஏழேமுக்காலுக்கு ஸ்பெஷல் கிளாஸ். சாயங்காலம் ஐந்தரை வரை மறுபடி.

ராத்திரி பதினொன்றரைக்குப் படுக்கிறான். ஐந்துக்கு எழுப்புகிறோம்.

பதின்ம வயதில் எட்டிலிருந்து பத்து மணி நேரம் தூங்க வேண்டும். ஆறிலிருந்து பன்னிரண்டு வயது வரை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு. பதின்ம வயசில் உடம்புக் கடிகாரமே பின்னால் தள்ளிப் போகிறது. தூக்கம் வரவைக்கும் மெலடோனின் பெரியவர்களுக்குச் சுரப்பதைவிடத் தாமதமாகச் சுரக்கிறது. சீக்கிரம் படு என்றால் படுப்பான், தூங்க முடியாது.

"விடியக்காலம் படிச்சாத்தான் மனசுல நிக்கும்." தாத்தா சொல்வது. அவர் காலத்தில் எட்டு மணிக்கு ஊரே படுத்துவிடும்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் 2014இல் சொன்னார்கள்: பெரிய வகுப்புகளை எட்டரைக்கு முன்னால் தொடங்காதீர்கள். கலிஃபோர்னியாவில் 2022 ஜூலையிலிருந்து சட்டம்.

கற்றதை மூளை அடுக்கி வைப்பது தூக்கத்தில். அதைப் பிடுங்கித்தான் இன்னும் ஒரு பாடம் உள்ளே தள்ளுகிறோம்.

பெரியவன் பள்ளியில் ஒரு சமூக அறிவியல் சார், முதல் பீரியடில் தூங்குகிற பையனை எழுப்புவதில்லையாம். அவன் நாலு மணிக்கு எழுந்து பால் பாக்கெட் போடுகிறவன். சார் அந்தப் பாடத்தை மதியம் அவனுக்குத் தனியாகச் சொல்கிறார்.

எங்கள் வீட்டில் போன், ஹாலில் அலமாரி மேல், ராத்திரி பத்து மணிக்கு. எங்களுடையதும் சேர்த்து. பெரியவன் போட்ட நிபந்தனை. நியாயம்தான்.

பை. உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது 2020 கொள்கை. 2012–13இல் முப்பருவம் வந்து, புத்தகம் மூன்றாகப் பிரிந்தபோது பை உண்மையிலேயே இளைத்தது. ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று உயர்நீதிமன்றம் 2018இல் சொன்னது. தனியார் பள்ளி வேனில் போகும் ஒன்றாம் வகுப்பு டைரியைப் பார்த்தேன். இரண்டு பக்கம் எழுத்து.

கேட்டுக்கு எதிரே பெட்டிக்கடை. கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களைப் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக் கூடாது என்று 2020 விதி. காலால் அளந்தேன். பதினைந்துகூட வராது.

கடைக்காரம்மா விதவை. அந்த ஐந்து ரூபாய்ப் பாக்கெட்டுகளில்தான் வீடு ஓடுகிறது. பக்கத்திலேயே ஒரு பாட்டி சாக்கு விரித்து நெல்லிக்காய், கொய்யா, சீனிக்கிழங்கு. பாட்டியின் சாக்கு பத்து நிமிஷத்தில் காலியாகிறது. விலை இரண்டு ரூபாய்.

கடைக்காரம்மாவிடம் பேசினேன். வேகவைத்த கடலை போட்டுப் பார்க்கிறேன் என்றார். போட்டார். விற்றது. பாக்கெட்டையும் எடுக்கவில்லை.

ஆறாம் வகுப்புப் பையன்கள் மணிக்கட்டைச் சேர்த்து வைத்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கயிறு. எந்தச் சாதிக்கு என்ன நிறம் என்று பதினொரு வயசில் தெரிந்திருக்கிறது.

நாங்குநேரிச் சாதித் தாக்குதலுக்குப் பிறகு நீதிபதி சந்துரு குழு. 2024 ஜூனில் அறிக்கை. கயிறு வேண்டாம் என்று அதில் இருக்கிறது.

2023 செப்டம்பர், தூத்துக்குடி மாவட்டம் உசிலம்பட்டி. சமைத்தவர் சாதி பார்த்துக் காலை உணவைப் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்றார்கள் பெற்றோர். அப்போதைய அமைச்சர் கீதா ஜீவனும் எம்.பி. கனிமொழியும் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

அடித்தால் உடம்பில் காயம் தெரியும். யாரோடு உட்காரக் கூடாது என்று நாள் முழுக்க எண்ணிக்கொண்டே இருக்கும் பிள்ளைக்குப் பாடம் எங்கே ஏறும்.

எங்கள் பள்ளியில் கயிற்றைக் கத்தரித்தது யாருமில்லை. தமிழ் ஐயா, வேறு வேறு நிறக் கயிறு கட்டிய இரண்டு பேரைக் கபடியில் ஒரே அணியில் போட்டார். பிடிக்கும்போது கயிறு இழுபடுகிறது, வலிக்கிறது என்று அவர்களே கழற்றினார்கள். ஒருவன் வீட்டில் திரும்பக் கட்டிவிட்டார்கள். மறுபடி கழற்றியிருக்கிறான்.

"மாணவர் மனசு" பெட்டி. பிள்ளைகள் எழுதிப் போடுவதற்கு. சாவி யாரிடம் என்று கூட்டத்தில் கேட்டேன். கொஞ்ச நேரம் தேடினார்கள்.

திறந்தோம். ஒரு சாக்லேட் தாள். "சாம்பார்ல கத்தரிக்கா வேண்டாம்." "எங்களுக்கு பி.டி. வேணும்." "அப்பா தினமும் குடிச்சிட்டு வர்றார், படிக்க முடியல." "தாப்பா." ஒரே சொல். பெயர் இல்லை.

குடிக்கிற அப்பாவைப் பற்றி எழுதிய சீட்டில் கையெழுத்து அழகாக இருந்தது. யாரென்று தேட வேண்டாம் என்று முடிவு செய்தோம். மறுநாள் காலைக் கூட்டத்தில், சாயங்காலம் ஆறரை வரை இரண்டாவது அறை திறந்திருக்கும், விளக்கு எரியும், யார் வேண்டுமானாலும் இருந்து படிக்கலாம் என்று மட்டும் ஹெச்.எம். சொன்னார்.

தினம் ஒன்பது பத்துப் பேர் உட்காருகிறார்கள்.

தாழ்ப்பாள் வாங்கியாயிற்று. நான்கு கதவுக்கும். ஒரு அப்பா தச்சர், கூலி வாங்கவில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் ஒன்று போட வேண்டும் என்று அவருக்குத்தான் தோன்றியது.

ஆறாம் வகுப்பிலிருந்து எட்டு வரை காலையில் என்ன செய்வது? சமைக்கிற பெண் கணக்குப் போட்டிருக்கிறாள். அரிசி, பருப்பு, எண்ணெய், விறகு. சிலேட்டின் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறாள். பெரிய தொகை. உள்ளூர்ப் பால் சொசைட்டியில் பேசிப் பார்க்கலாம் என்கிறார்கள். தினமும் பொங்கல் முடியாவிட்டாலும் அவித்த பயறு.

பரீட்சை முடிவு நாளுக்கு முன்னால் 104, 14417 இரண்டு உதவி எண்ணையும் வாசலில் பெரிதாக எழுத வேண்டும். சுண்ணாம்பு இருக்கிறது. நீலப் பொடி வாங்க வேண்டும்.

இரண்டாம் வகுப்பில் ஒருவன், கூப்பிட்டால் திரும்புவதில்லை. கேட்டதற்கு வேறெதையோ பதில் சொல்கிறான். மந்தம் என்று எழுதிவைத்திருக்கிறார்கள்.

நடமாடும் மருத்துவக் குழு வந்தது. டாக்டரம்மா வலது காதுக்குள் விளக்கடித்தார். சீழ். மூக்கைப் பொத்தினார். இடதும் சரியில்லை. எத்தனை நாளாக என்று அம்மாவிடம் கேட்டார். பால்குடி மறந்ததிலிருந்து இருக்கும் என்றாள் அவள். தேங்காய் எண்ணெய் காய்ச்சி ஊற்றுகிறார்களாம்.

எண்ணெய் ஊற்றக் கூடாது. குளிக்கும்போது பஞ்சு வைக்க வேண்டும். மாவட்ட ஆஸ்பத்திரியில் காது பரிசோதனை, விருதுநகர், புதன்கிழமை. சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்.

புதன்கிழமை அம்மாவுக்கு வேலை. ஒரு நாள் போகாவிட்டால் வாரச் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள். அப்பா திருப்பூரில்.

அதுவரை அவனை டீச்சர் மேஜைக்குப் பக்கத்தில், இடது காது கரும்பலகைப் பக்கம் இருக்கும்படி உட்கார வைத்திருக்கிறார்கள். முகம் பார்த்துப் பேசுகிறார்கள்.

புதன்கிழமை நான் கூட்டிப் போகிறேன். அம்மாவின் ஆதார் நகல், பையனின் சீட்டு, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை. ஏழே காலுக்கு பஸ்.